பாங்காக்கிலிருந்து வந்த கிழங்கு

என் வீட்டுக்காரரின் அக்கா பாங்காக்கிலிருந்து திரும்பி வந்த அன்று, தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். எண்பதுகள் முடிகிற சமயம். ராஜபாளையத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால் டேப் ரெக்கார்டர் இருக்கும், பூப்போட்ட நைலான் சேலை இருக்கும், சென்ட் பாட்டில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் மதினி என்று கூப்பிடுகிற அவர் கொண்டு வந்தது ஒரே ஒரு பெட்டி. நடுவீட்டில் வைத்து அதைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். கற்பூரமும் எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்த மாதிரி ஒன்று. பிறகு சாமான்கள் வெளியே வந்தன. வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு டப்பாக்கள், எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து ஒட்டிய எண்ணெய்ப் பாட்டில்கள், ஒரு பை நிறையக் காய்ந்த கிழங்கு, துணியில் உருட்டிக் கட்டிய பந்துகள். ஒவ்வொரு பந்துக்கும் துணியையே முறுக்கிக் கைப்பிடி வைத்திருந்தது.

எதிர் வீட்டு அம்மா ஒரு பந்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று கேட்டார். மதினி ஒவ்வொன்றாகச் சொன்னார். மஞ்சள், எலுமிச்சைப்புல், நார்த்தங்காய்த் தோல் மாதிரி ஒரு தோல், கல் உப்பு, பச்சைக் கற்பூரம், புளியங்கொழுந்து, சீயக்காய் இலை.

"புளியங்கொழுந்தும் சீயக்காயுமா?" என்றார் அந்த அம்மா. "இதுக்கா பாங்காக் போன?"

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

மதினியைக் கூமாப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தோட்டம், மாடு, தென்னை என்று விடிந்தால் அடைந்தால் வேலை இருக்கும் வீடு. பிள்ளை இல்லை என்று சொல்லி அவருடைய புருஷன் சில வருஷம் கழித்து இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே மதினி கட்டிய சேலையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது அது. சீராகக் கொடுத்த பாத்திரங்களைத் திருப்பி எடுத்துவர ஆட்கள் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். பொம்பளை ஒருத்தி கூட இருந்தால் சண்டை வளராது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அங்கே சாணிக் கையோடு அந்தப் புதுப்பெண் கதவோரம் நின்றாள். என் வயதுதான் இருக்கும். பித்தளை அண்டாவை ஆட்கள் வெளியே தூக்கியபோது நிலையில் இடிக்காமல் அவளும் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாள். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. மதினி அவளைப் பார்த்ததே கிடையாது.

அதன் பிறகுதான் மதினி பாங்காக் போனார். கடலோரத்து ஊர்க்காரர் ஒருவர் அங்கே கல் வியாபாரம் செய்தார். நீலக்கல், கெம்பு. அவர் வீட்டுக்குச் சமையல் செய்ய நம்பிக்கையான ஆள் தேடினார்கள், தெரிந்தவர் மூலமாக மதினி போனார். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெண்களே நடத்திய ஒரு ஒத்தட வீடு இருந்ததாம். கால் பிடிப்பது, முதுகு பிடிப்பது, மூலிகைப் பந்தை ஆவியில் வைத்து ஒற்றி எடுப்பது. பிள்ளை பெற்ற பெண்கள் வருவார்கள், கடைத்தெருவில் நாள் முழுக்க நின்று விற்கிறவர்கள் வருவார்கள். சமையல் முடிந்த மதியங்களில் மதினி கீழே இறங்கிப் போய்ப் பந்து கட்ட உட்கார்ந்துவிடுவாராம். பாஷை தெரியாமல் எப்படி இருந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, முதுகு வலிக்கு என்ன பாஷை என்று சொல்லிவிட்டார். வியாபாரம் படுத்து அந்தக் குடும்பம் ஊர் திரும்பியபோது இவரும் வந்துவிட்டார்.

நான் அப்போது நூல் மில்லில் வைண்டிங்கில் வேலை பார்த்தேன். அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே நடக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் தோளிலிருந்து விரல் வரைக்கும் என்னுடையது இல்லை என்பது போல இருக்கும். தலையில் பஞ்சு, மூக்கில் பஞ்சு, இருமினால் பஞ்சு. வந்து ஒரு வாரத்தில் மதினி என்னைப் பாயில் குப்புறப் படுக்கச் சொன்னார். இட்லிச் சட்டியில் பந்து வெந்துகொண்டிருந்தது. அதை எடுத்து முதலில் தன் முழங்கையின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்தார். பிறகு என் தோளில் வைத்து அழுத்தினார். அந்தச் சூடு உள்ளே இறங்கியபோது எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. அதுவரை என் உடம்பை யாரும் எதையும் எதிர்பார்க்காமல் தொட்டது கிடையாது என்று தோன்றியது. அப்படியே தூங்கிப்போனேன். எழுந்தபோது மதினியே சோறு வடித்து வைத்திருந்தார்.

நான் மில்லில் போய்ச் சொன்னேன். முதலில் எங்கள் டிபார்ட்மெண்டில் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு அவர்கள் கூட்டி வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் பேச்சு கிளம்பியது. மசாஜ் என்ற வார்த்தை ஆண்கள் வாயில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பாங்காக் என்ற பெயரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரரிடம் டீக்கடையில் யாரோ சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டிருக்கிறார்கள். என்ன கேட்டார்கள் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. இந்த வீட்டில் இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மதினி பெட்டியை மூடி மச்சில் ஏற்றிவிட்டார்.

அதை இறக்க வைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர், கணவர் இறந்து தனியாக இருந்தார். எங்கள் டிபார்ட்மெண்ட் பெண் ஒருத்தி அவருடைய உறவு. அவள் சொல்லிக் கேட்டு, ஒருநாள் முட்டுக்கு ஒத்தடம் வைத்துப் பார்த்துவிட்டு, தன் வீட்டு முன்னறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாசலில் அவரே போர்டு எழுதி வைத்தார். 'பெண்களுக்கு மட்டும். மூலிகை ஒத்தடம்.' மசாஜ் என்ற வார்த்தையும் இல்லை, பாங்காக்கும் இல்லை. நர்ஸம்மா வீடு என்றால் யாரும் எதுவும் பேச முடியாது. என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார். பஞ்சுத் தூசியை விட்டு விலகாவிட்டால் இருமல் நிற்காது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நானும் மில்லை விட்டுவிட்டு மதினியோடு பஸ் ஏறத் தொடங்கினேன்.

இரும்புக் கட்டில் ஒன்று, பெஞ்சு ஒன்று, ஸ்டவ், இட்லிச் சட்டி. ராஜபாளையத்துப் பக்கம் தறிகளில் ஓடுகிற பேண்டேஜ் துணியில் கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கி வருவோம். பாங்காக்கில் கட்டுகிற துணி கொஞ்சம் தடிப்பாக இருக்குமாம். இது சல்லடை மாதிரி இருந்ததால் மடித்து மடித்துக் கட்டினோம். அப்படியும் மஞ்சள் ஒழுகும். எங்கள் நகக்கண் எப்போதும் மஞ்சளாக இருந்தது. பஸ்ஸில் நாங்கள் ஏறினால் கற்பூரமும் தைலமும் அடிக்கும். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கண்டக்டர் கேட்பார்.

அங்கே வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. உடம்பைத் தொட்டாலே செய்கிற வேலை தெரிந்துவிடும். தறியில் உட்காருகிறவளுக்கு இடுப்பு, தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்குப் பின்கழுத்து, பால்கோவா அடுப்படியில் நிற்கிறவளுக்குக் கால் நரம்பு. பள்ளிக்கூட டீச்சருக்கு வலது தோள். எல்லோரும் வந்து படுத்ததும் முதலில் சொல்வது ஒன்றுதான், எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, சும்மா கொஞ்சம் அலுப்பு. பத்து நிமிஷத்தில் மூச்சு மாறும். சிலர் அழுவார்கள். நாங்கள் ஏன் என்று கேட்கமாட்டோம். சாயங்காலம் கடைசி ஆள் போனதும் எங்கள் கை இரண்டும் நடுங்கும். எங்களுக்கு ஒற்றிவிட ஆள் கிடையாது. மிச்சச் சூட்டில் கிடக்கிற பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து செத்த நேரம் உட்கார்ந்திருப்போம்.

கொண்டு வந்த சாமான் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. களிம்பு முதலில் தீர்ந்தது. எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் எலுமிச்சைப்புல்லைக் காய்ச்சிக்கொண்டோம். மலையடிவாரத்திலிருந்து புல் கொண்டுவந்து தர ஒரு அம்மா இருந்தார். நார்த்தை இலையும் தோலும் கிடைத்தன. பச்சைக் கற்பூரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் அதுவும் கடல் தாண்டித்தான் வருகிறது என்றார். கிடைக்காதது அந்தக் கிழங்கு ஒன்றுதான். மதினி அதை ப்ளை என்று சொல்வார். இஞ்சி மாதிரி இருக்கும், உள்ளே மஞ்சள், ஆனால் இஞ்சியும் இல்லை, மஞ்சளும் இல்லை. வீக்கத்துக்கு அதுதான் பந்தின் உயிர் என்பார். மாங்காய் இஞ்சி போட்டுப் பார்த்தோம், சித்தரத்தை போட்டுப் பார்த்தோம், கஸ்தூரி மஞ்சளும் போட்டோம். குணம் இருந்தது. ஆனால் அந்த வாசனை வரவில்லை. கல் வியாபாரி வீட்டு ஆட்கள் எப்போதாவது பாங்காக் போய்வரும்போது ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவார்கள். பிறகு அதுவும் நின்றது. கடைசியாக வந்த பொட்டலத்தை மதினி ஒரு டின்னில் போட்டுத் தனியாக வைத்திருந்தார்.

அந்த டின் ஒருவருக்காக வைத்தது. ராஜபாளையத்தில் ஆலை வைத்திருந்த குடும்பத்து அம்மா ஒருவர் காரில் வருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் மரியாதையான தமிழில் பேசுவார். முட்டுவலி. மகனோடு ஒரு தடவை பாங்காக் போனபோது அங்கே ஒரு ஓட்டலில் இந்த ஒத்தடம் எடுத்திருக்கிறார். அதனால் அசலானது எது என்று அவருக்குத் தெரியும். உள்ளூர்ச் சரக்கைத் தனக்குப் போட வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அவரைப் பார்த்து அவர் வட்டாரத்துப் பெண்கள் சிலரும் வந்தார்கள். எங்கள் அறை ஓடியது அவர்களால்தான். தறிக்காரிகளும் தீப்பெட்டிக்காரிகளும் கொடுக்க முடிந்ததைக் கொடுப்பார்கள், முடியாதபோது நர்ஸம்மாவிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒருநாள் காலையில் நர்ஸம்மா ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்தார். கர்ப்பப்பையை எடுத்த பிறகு இடுப்பும் முதுகும் பிடித்துக்கொண்டதாம், நேராக நிற்க முடியவில்லை. நான் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். முகம் வற்றிப்போயிருந்தது. ஆனால் அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கொடுத்த அதே முகம்.

அவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மதினிக்கு அவளைத் தெரியாது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். மதினி வழக்கம் போல ஊர் கேட்டார். கூமாப்பட்டி என்றாள். மதினியின் கை நிற்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார், அவள் சொன்னாள். மூன்று பெண் பிள்ளைகள் என்றாள். மதினி அவளைக் குப்புறத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகில் எண்ணெய் தடவி, வலது தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அவள் முனகினாள்.

"கிணத்துல தண்ணி இன்னும் கையாலதான் எறைக்கியா?" என்று மதினி கேட்டார். "மோட்டார் போடலியா?"

"தோட்டத்துக்குப் போட்டாச்சுக்கா. வீட்டுக் கிணத்துக்குப் போடல."

"தொட்டிய ரொப்பணுமே. மாடு எத்தன நிக்கி?"

அவள் முகத்தைத் தலையணையில் வைத்தபடியே கிடந்தாள். கண் மட்டும் திறந்திருந்ததை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த வீட்டில் தொட்டி இருப்பதை அவள் சொல்லவே இல்லை.

மதினி எழுந்து அலமாரியிலிருந்து அந்த டின்னை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, கிழங்கை அம்மியில் வைத்துத் தட்டினார். முழுவதையும் தட்டினார். அறை முழுக்க அந்த வாசனை எழும்பியது. பந்துகளைப் புதிதாகக் கட்டி ஆவியில் வைத்து, மாற்றி மாற்றி ஒற்றினார். வேறு ஒருவருக்கும் அன்றைக்கு நேரம் கொடுக்கவில்லை. பெஞ்சில் காத்திருந்தவர்களை நான்தான் பார்த்தேன். எனக்குக் கோபத்தில் கை ஓடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது நான் பேசிவிட்டேன். அவள் யார் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். தெரிந்துமா என்றேன். அந்தக் கிழங்கு யாருக்கு வைத்தது, அடுத்த வாரம் கார் வந்தால் என்ன செய்வது, அந்த வீட்டுக்காரர்கள் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். மதினி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார்.

"ஏட்டி, நான் அந்த வீட்டுல கெடக்கையில எனக்கும் அதே எடத்துலதான் வலிக்கும். ராத்திரி சொவத்துல தோள வச்சுத் தேய்ப்பேன். யாராவது ஒருத்தி வந்து செத்த நேரம் தேச்சு விட்டா எம்புட்டு நல்லா இருக்கும்னு நெனப்பேன். இன்னைக்கி அவ தோளத் தொட்டதும் அந்த நெனப்பு வந்திருச்சு. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் இல்ல."

களைப்பாக இருந்தது. இரண்டு பேரும் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.

கார் வந்தது. மதினி மறைக்கவில்லை, பாங்காக் கிழங்கு தீர்ந்துவிட்டது, இது நம்மூர் மருந்து, இதிலும் குணம் உண்டு என்று சொன்னார். அந்த அம்மா படுத்து, ஒத்தடம் எடுத்துக்கொண்டு, போகும்போது மரியாதையாகவே சொல்லிக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை. அவரோடு வந்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றார்கள். அவர் மேல் நான் வருத்தப்படவில்லை. அவர் கேட்டது ஒன்று, நாங்கள் கொடுத்தது ஒன்று.

கூமாப்பட்டிப் பெண் மட்டும் தொடர்ந்து வந்தாள். வாரம் ஒரு தடவை பஸ் பிடித்து வருவாள். கிழங்கு இல்லாத பந்துதான், இருந்தாலும் முதுகு நிமிர்ந்தது. அவளும் மதினியும் அந்த வீட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். விலைவாசி பேசுவார்கள், மழை பேசுவார்கள், அவள் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்று வந்தது. ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்று சொல்கிற குன்றின் மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஊர் நிரம்பியிருந்தது. படி ஏறி இறங்கிய பெண்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் குடும்பத்தோடு மலைக்கு வந்தவள், செத்த நேரம் என்று சொல்லிவிட்டு எங்களிடம் வந்து படுத்திருந்தாள். மத்தியானம் வாசலில் ஒரு ஆள் குரல் கேட்டது.

"ஏட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. இன்னும் என்ன பண்ணுத?"

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். மதினியைக் கட்டியிருந்த அந்த மனிதர் நெற்றியில் நாமத்தோடு, தோளில் துண்டோடு படிக்குக் கீழே நின்றார். நன்றாக நரைத்திருந்தது. மதினியை நேராகப் பார்த்தார்.

"உள்ள இருக்கவள வரச் சொல்லுங்கம்மா," என்றார்.

மதினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சேலை மாத்திட்டு இருக்கா. வருவா," என்றார்.

அவர் தலையாட்டிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிழலுக்கு நகர்ந்தார். அவ்வளவுதான். அவருக்கு உண்மையிலேயே அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. மதினி அப்போது பருத்திருந்தார், முடி நரைத்திருந்தது, சேலையெல்லாம் மஞ்சள் கறை. ஆனால் குரல் அதே குரல்தானே. உள்ளே வந்ததும் மதினி தண்ணீர் எடுத்துக் குடித்தார். அழுவார் என்று நினைத்தேன். பெஞ்சில் அடுத்து யார் என்று கேட்டார்.

அவள் சேலையைக் கட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். வாசலில் நடந்தது அவளுக்குக் கேட்டிருக்கும். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். மதினி, போ, பஸ்ஸை விட்டுறாத என்று அனுப்பிவிட்டார்.

பிறகு பல வாரங்கள் அவள் வரவில்லை. ஐப்பசி மழை நின்ற பிறகு ஒருநாள் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பை நிறையப் புளியங்கொழுந்து கொண்டு வந்திருந்தாள், அவர்கள் தோட்டத்து மரத்தில் பறித்தது. இனிமேல் வர முடியாது என்றாள். வாராவாரம் பஸ் ஏறி என்ன உல்லாசம் என்று வீட்டில் கேட்கிறார்களாம். அந்தப் பந்தை எப்படிக் கட்டுவது என்று தெரிந்தால் மகளே வீட்டில் வைத்துவிடுவாள் என்றாள். நான் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். மதினி ஒரு பந்தைக் கட்டிக் காட்டினார். பிறகு மகள் பார்த்திருக்க அவள் கட்டினாள். அவள் முடிச்சு தளர்ந்திருந்தது. மதினி அதை அவிழ்த்து இன்னொரு தடவை கட்டச் சொன்னார். கையிலிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பேசினாள்.

"மொத நாளே தெரியும்க்கா. தொட்டியக் கேட்டீகள்ல, அப்பவே."

மதினி அவள் கட்டிய முடிச்சை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"எந்திரிச்சுப் போயிரணும்னுதான் நெனச்சேன். முடியல. அம்புட்டு நல்லா இருந்துச்சு."

"போயிருந்தா வலி தீர்ந்திருக்காதுல்ல," என்றார் மதினி. "சரி, நூல இறுக்கு."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பை நிறையப் பந்துகளோடு இரண்டு பேரும் மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் ஓரமாக நடந்து போனார்கள். பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. கூமாப்பட்டியிலிருந்து யாராவது வந்தால் மதினி கேட்பார். இருக்காள், மூத்தவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு தடவை யாரோ சொன்னார்கள்.

நர்ஸம்மா இறந்த பிறகு வெளியூரிலிருந்த அவருடைய மகன் வந்து வீட்டை விற்றார். நல்ல மனிதர், சாமான்களை எடுத்துக்கொள்ள எங்களுக்கு நேரம் கொடுத்தார். அதற்குள் ராஜபாளையம் மெயின் ரோட்டில் ஏசி போட்ட அழகு நிலையம் ஒன்று வந்திருந்தது. மூலிகைப் பந்தே அங்கே ஜரிகைக் காகிதத்தில் அடைத்து பாங்காக்கிலிருந்து பார்சலாக வந்தது. முகத்துக்குப் பூசும் களிமண், கடல் உப்பு, மல்லிகை எண்ணெய் என்று எல்லாமே பாக்கெட்டில் வந்தது. மதினிக்கு அனுபவம் இருப்பதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்கள். பச்சைச் சட்டை ஒன்று கொடுத்தார்கள், சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள. சில மாதம் போனார். பந்து மோசமில்லை, அதில் ப்ளையும் இருக்கிறது என்று வந்து சொன்னார். ஆனால் நாள் முழுக்க ஏசியில் நின்றதில் அவருக்கே முட்டு பிடித்துக்கொண்டது. விரல்களும் மடங்க மறுத்தன. விட்டுவிட்டார்.

நான் பேண்டேஜ் துணி மடிக்கிற யூனிட்டில் சேர்ந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை, தூசி குறைவு. மதினி வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவர் பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டு வீங்கியிருந்தது. ஒத்தடம் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீயும் இப்பத்தான வந்திருக்க," என்றார். "மொதல்ல ஒக்காரு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதுவும் செய்யவில்லை. அடுத்த வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டு வந்தது. பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்த பிறகுதான் நான் எழுந்து போய் உலையை வைத்தேன்.